ஒதுக்கி வைத்த மஞ்சள் கரு

ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். யார் உண்மையாகச் சாப்பிட்டார்கள், யார் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினார்கள் என்பது பெரியக்காவுக்குத் தெரியும். அப்படித்தான் அவள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் சமையலறைக்கு அவள்தான் தலைமை. அவளைவிட வயதில் மூத்த சர்ஜன்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். கொதிக்கிற அண்டாக்கள், சுவரில் கடகடக்கும் புகை விசிறி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றின் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் கேட்கும். கேட்காவிட்டால் அன்றைக்கு அவளுக்கு லீவு என்று வார்டில் படுத்திருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டு டிராலிகள் லிஃப்டில் இறங்கித் திரும்பி வரும் நேரத்தில், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்பாள். வருகிற தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ரொட்டியின் நடுப்பாகம் மட்டும் போயிருந்தால் அந்தக் கட்டில்காரருக்குப் பல் வலி. சூப்பில் ஸ்பூன் நனையாமல் கிடந்தால் ஊட்டிவிட ஆள் வரவில்லை. மீனுக்கு அடியில் காய்கறியை ஒளித்து வைத்திருந்தால் குழந்தைகள் வார்டு, அல்லது குழந்தைகளை மிஞ்சிய பெரியவர்கள் வார்டு. உடனே மேலே போன் போடுவாள். நர்ஸ்களுக்கு இதனால் எரிச்சல் உண்டு, ஆனால் அவள் சொன்னது தப்பியதே இல்லை என்பதால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"ஆளு பொய் சொல்லுவான், தட்டு சொல்லாது" என்பாள். இதைச் சொல்லும்போது மூக்கு கொஞ்சம் மேலே போகும்.

இத்தனை பேருக்குச் சமைக்கிறவள் வீட்டில் கரண்டியைத் தொட மாட்டாள் என்பதுதான் வேடிக்கை. கல்யாணமான புதிதிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "நாள் பூரா அடுப்போட மல்லுக்கட்டிட்டு வர்றேன். வீட்டுலயும் அடுப்புன்னா என்னால ஆகாதுங்க." அவள் கணவர் தச்சர். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. வாயைத் திறந்தால் ஆணி கீழே விழுந்துவிடும் என்பதுபோல் பேசுகிற மனிதர். "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் அவர் சமைத்தார், அவள் சாப்பிட்டாள், இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்தத் தச்சர்தான் இப்போது ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார்.

ஓர் அலமாரியை மாடிப்படி வழியாக இறக்கும்போது கயிறு நழுவி, அதன் விளிம்பு அவர் முழங்காலுக்குக் கீழே சதையை உரித்துக்கொண்டு போய்விட்டது. எலும்பு தப்பித்தது. ஆனால் போட்ட தையல் சீழ் வைத்துப் பிரிந்துபோக, சர்ஜன் புண்ணைத் திறந்து சுத்தம் செய்து அப்படியே விட்டிருந்தார். "அடியிலேருந்து சதை வளர்ந்து வந்து அதுவா மூடணும்" என்றார். "மூடலைன்னா தொடையிலேருந்து தோலை எடுத்து ஒட்டணும். ஒட்டின தோல் சுருங்கி இழுத்துப் பிடிக்கும். முழங்கால் பழையபடி மடங்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், பெரியக்கா."

தச்சரின் வேலையில் பாதி, மண்டியிட்டுச் செய்கிற வேலை. மடங்காத காலோடு மேசையின் அடியில் எப்படிப் போவது, கதவின் கீழ்க்கட்டையை எப்படி இழைப்பது? ஆனால் சதை வளர்வதற்கு என்ன வேண்டும்? சாப்பாடு. சாப்பாடு யார் கையில் இருக்கிறது? "என் புருஷனுக்குச் சாப்பாட்டுலயா குறை வச்சிடுவேன்" என்று அடுப்பை ஏற்றினாள்.

காலையில் அவித்த முட்டைகள், மதியம் கோழியோ மீனோ, பருப்பு சூப், உருளைக்கிழங்கு, ரொட்டி, சாயங்காலம் பால். உணவு ஆலோசகர் எழுதிக்கொடுத்த அளவுக்கு மேல் ஒரு பிடி தன் கணக்கில் அள்ளி வைத்தாள். அந்த ஆலோசகர் ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருக்கும் இளம் பெண். எதைக் கேட்டாலும் கிராமில் பதில் சொல்வதால் சமையலறையில் அவளுக்குக் கிராம் மேடம் என்று பேர். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள்.

தச்சரின் தட்டு ஒவ்வொரு வேளையும் துடைத்து வைத்ததுபோல் காலியாகத் திரும்பி வந்தது. பெரியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, எங்க வீட்டுக்காரர் தட்டை" என்று பாத்திரம் கழுவுகிறவளிடம் காட்டினாள். "கழுவவே வேண்டாம் போலிருக்கு."

"இத்தனை வருஷமா உங்க கை சாப்பாட்டுக்கு ஏங்கிப் போயிருப்பார்க்கா" என்றாள் அவள். பெரியக்கா அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை.

ஆனால் புண் மூடவில்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். சிவந்து துளிர்க்க வேண்டிய இடம் வெளிறிப்போய், ஈரமாக, அப்படியே கிடந்தது. தச்சரின் கன்னம் ஒட்டிப்போய்விட்டது, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சமையலறையில் வேலை முடிந்து சாயங்காலம் அவள் மேலே போகும்போது, "நல்லா சாப்பிட்டீங்களா?" என்பாள். "ம்" என்பார். தட்டும் அதையேதான் சொன்னது.

ஒருநாள் கிராம் மேடம் சமையலறைக்கு வந்து, காய்கறி நறுக்கும் மேசையில் சாய்ந்துகொண்டு தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்குக்கா. உங்க வீட்டுக்காரருக்கு நான் குடுக்கற சாப்பாட்டுக்கு எடை ஏறணும், இறங்குது. பக்கத்துக் கட்டில் லாரிக்காரருக்கு இறங்கணும், ஏறுது."

லாரிக்காரரை எல்லோருக்கும் தெரியும். வயிற்றில் குடலிறக்க ஆபரேஷன் செய்யவேண்டும். ஆனால் எடை குறைந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பேன் என்று டாக்டர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், வீட்டில் விட்டால் திருந்தமாட்டார் என்று அவர் மனைவியே கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவருக்குக் கீரையும் காய்கறியும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு மீனும்தான்.

"உங்க தராசை முதல்ல மாத்துங்க மேடம்" என்று பெரியக்கா சிரித்தாள். சிரித்தாளே தவிர மேடம் அடுத்துச் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வேறு ஏதாவது பெரிய வியாதி உள்ளே இருக்கிறதோ, சாப்பிடுவதை உடம்பு எடுத்துக்கொள்ளவில்லையோ என்று பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். அடுத்த மாசம் சர்ஜன் புண்ணைப் பார்த்து முடிவு சொல்லிவிடுவாராம்.

மறுநாள் அவளுக்கு லீவு. வீடு அமைதியாக இருந்தது. பட்டறையிலிருந்து இழைப்புளிச் சத்தம் இல்லாத காலை அவளுக்குப் பழக்கமில்லை. பசித்தது. வேறு வழியில்லாமல் வெகுகாலத்துக்குப் பிறகு சொந்த வீட்டு அடுப்பைப் பற்றவைத்து, தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு முட்டையை அவித்தாள். உரித்தாள். இரண்டாகப் பிளந்து மஞ்சள் கருவைத் தன் தட்டில் வைத்தாள். வெள்ளைக் கருவை எதிரில் அவர் உட்காரும் இடத்தில் வைக்கக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் முட்டை இப்படித்தான் பங்காகும். அவருக்கு மஞ்சள் கரு ஆகாது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதாம், மாவை விழுங்குவது மாதிரி இருக்கிறதாம். அவளுக்கோ அதுதான் உயிர். யாரும் யாரையும் கேட்டதில்லை, உரிக்கிறவர் பிளந்து மற்றவர் பங்கை அங்கே வைத்துவிடுவார். அவ்வளவு பழகிப்போனதால் அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தோன்றியதில்லை.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் போகிற முட்டைகளின் மஞ்சள் கருவை யார் சாப்பிடுகிறார்கள்? தட்டில் ஒரு துணுக்குக்கூட வந்ததில்லையே!

"அடப்பாவி மனுஷா" என்று வாய்விட்டே சொன்னாள். பிளந்த முட்டை அப்படியே கிடக்க, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் வார்டு எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவள் எப்போதும் கீழேதான் நிற்பாள். அன்றைக்கு மதியச் சாப்பாடு வரும்வரை காத்திருந்து, வார்டு வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். தச்சர் தன் தட்டை மடியில் வைத்து, ரொட்டியின் மூலையைப் பிய்த்து வாயில் போட்டு, மருந்து விழுங்குவதுபோல் தண்ணீரோடு விழுங்கினார். பிறகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தட்டை அப்படியே பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டினார். லாரிக்காரர் அதைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோழி போன இடம் தெரியவில்லை. ரொட்டித் துண்டால் தட்டை வழித்து, பளபளவென்று ஆக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்குங்களா?" என்றாள் பெரியக்கா.

லாரிக்காரர் வாய் நிறைய இருந்ததால் கண்ணால் மட்டும் விழித்தார். தச்சர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"உங்களைத்தாங்க கேக்கறேன். எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"மெதுவாப் பேசு" என்றார் தச்சர்.

"மெதுவாவா? உங்க கால் போயிடும்னு நான் அங்க உயிரை விட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க இங்க அன்னதானம் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா? சாப்பிடப் பிடிக்கலைன்னா அப்படியே திருப்பி அனுப்ப வேண்டியதுதானே!"

அவர் போர்வையின் நூலைப் பிரித்தார். பிறகு, "நீதான் வாசல்ல நின்னு தட்டைப் பாப்பியே" என்றார். "உன் ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. பெரியக்கா புருஷனே பெரியக்கா சமையலைச் சாப்பிடலைன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? உனக்குத்தானே அசிங்கம்."

அவளுக்குக் கோபம் வரும் வழியிலேயே தடுக்கி விழுந்தது. ஆனாலும் எழுந்துகொண்டது. "அப்படி என்ன குறை கண்டீங்க என் சமையல்ல?"

"எனக்கு ஒரு குறையும் தெரியலீங்கக்கா" என்றார் லாரிக்காரர், ஒருவழியாக விழுங்கி முடித்து.

"நீங்க பேசாதீங்க!"

தச்சர் உண்மையைச் சொல்கிற மனிதர். அதனால்தான் அதிகம் பேசமாட்டார். "கோழி மரத்தூள் மாதிரி இருக்கு. சூப்புல உப்பும் இல்ல, அதுக்குப் பதிலா வேற ஒண்ணும் இல்ல. உருளைக்கிழங்கு..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் திரும்பி நடந்தாள். படியில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தச்சர் மரத்தூள் என்றால் அது மரத்தூளாகத்தான் இருக்கும் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

கிராம் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மென்று முழுங்கிச் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அந்தப் பெண்ணோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "அப்பாடா!" என்றாள்.

"என்ன மேடம் அப்பாடா?"

"நான் என்னென்னமோ வியாதியெல்லாம் நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்தேன்கா. பசிதானா! இதுக்கு மருந்து நம்மகிட்டயே இருக்கு." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சமையல் மட்டும் காரணம் இல்ல. அவருக்குப் போடற மருந்துக்கு நாக்கு மரத்துப் போயிடும். படுத்தே கிடந்தா பசியும் படுத்துக்கும்" என்றாள். பெரியக்காவுக்கு அந்தப் பெண்ணை அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்தது.

லாரிக்காரரின் கட்டில் வார்டின் மறுகோடிக்குத் தள்ளப்பட்டது. தச்சர் இனிமேல் சாப்பிடுவதாக வாக்குக் கொடுத்தார், சாப்பிடவும் செய்தார். ஆனால் அதிலும் தச்சர் புத்தியைக் காட்டினார். சதை வளர்க்க வேண்டியது புரதம் என்று யாரோ சொல்லக் கேட்டு, வெள்ளைக் கருவையும் கோழியையும் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றார். எப்படியும் கொஞ்சம்தான் உள்ளே போகப்போகிறது, அதை வேண்டாததால் நிரப்புவானேன் என்பது அவர் கணக்கு. ரொட்டி, உருளைக்கிழங்கு, வெண்ணெய் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. மஞ்சள் கருவும் தட்டின் ஓரத்தில் உருண்டையாக வந்தது. முதல் தடவை அதைப் பார்த்தபோது, தொலைந்துபோன மோதிரம் கிடைத்ததுபோல் பெரியக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. பாத்திரம் கழுவுகிறவள், "என்னக்கா, மிச்சம் வச்சிட்டாரே" என்று இழுக்க, "வைக்கட்டும்டி, வைக்கட்டும்" என்றாள்.

கிராம் மேடம்தான் சந்தோஷப்படவில்லை. பெரியக்காவையும் கூட்டிக்கொண்டு அவர் கட்டிலுக்கே போனாள்.

"ஐயா, உங்க பட்டறையில குளிர் காய என்ன போட்டு எரிப்பீங்க?"

"இழைச்ச சீவல், துண்டு மரம்" என்றார் தச்சர்.

"ஒருநாள் சீவலும் இல்ல, துண்டும் இல்லன்னு வைங்க. உயிர் போற குளிரு."

அவர் யோசித்தார். "நல்ல பலகையைத்தான் உடைச்சுப் போடணும்."

"உங்க உடம்பு இப்ப அதைத்தான் பண்ணுது. நடக்கலைன்னாலும், படுத்தே இருந்தாலும், மூச்சு விட, சூடா இருக்க, இதயம் துடிக்க அதுக்கு எரிக்க எதாவது வேணும். ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் சீவல். மாவுச்சத்து. வெண்ணெய், எண்ணெய் எல்லாம் கெட்டி விறகு, கொஞ்சம் போட்டாலே நெடுநேரம் எரியும். கொழுப்புக்கு வேற வேலையும் இருக்கு, காய்கறியில இருக்கற சில சத்து அது கூட இருந்தாத்தான் உள்ள போகும். நீங்க ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டு வெறும் புரதத்தைச் சாப்பிட்டா, கால் சதையைக் கட்டி எழுப்பறதுக்குன்னு நான் அனுப்பற பலகையில பாதியை அது அடுப்புல போட்டுடும். அது பத்தலைன்னா உங்க கையில தோள்ல இருக்கற சதையையும் உடைக்கும். கன்னம் எங்க போச்சுன்னு நினைக்கறீங்க?"

தச்சர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மரத்தை விறகாக எரிப்பதைப்போல் அவர் மனசைப் புண்படுத்துவது உலகத்தில் வேறொன்றும் இல்லை. "தெரியாமப் பண்ணிட்டேன்மா" என்றார், அந்த மரத்திடமே மன்னிப்புக் கேட்பதுபோல. "ஆனா தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குதே."

மேடம் பெரியக்காவைப் பார்த்தாள். பெரியக்கா கூரையைப் பார்த்தாள். அவளுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்தது. கடைசியில் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"சரி. எப்படித்தான் செய்யணும், சொல்லித் தொலைங்க."

அவர் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். கோழியை அண்டாவில் போட்டு மதியம்வரை கொதிக்க விடாதே, வெந்ததும் எடுத்து அந்தத் தண்ணீரிலேயே மூடி வை. உப்பு ஆகாது என்றால் எலுமிச்சம்பழம் ஆகாதா, மிளகு ஆகாதா? பூண்டைப் பச்சையாகப் போடாமல் சுட்டுப் போடு. உருளைக்கிழங்கை வெந்த சூட்டோடு பாலும் வெண்ணெயும் விட்டு மசி, ஆறினால் பசை ஆகிவிடும். மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கூடவே ஒன்று சொன்னாள். ஒரே தட்டில் மலையைக் குவிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை அனுப்பலாம்.

"மஞ்சள் கருவும் சாப்பிட்டா நல்லதுய்யா. அதுலயும் புரதம் இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு."

"அது மட்டும் முடியாது" என்றார் தச்சர். அந்த விஷயத்தில் பேச்சுக்கே இடம் இல்லை. மேடம் பெருமூச்சு விட்டு, அதற்கு ஈடாக இன்னொரு டம்ளர் பால் எழுதினாள்.

மறுநாள் சமையலறையில் பூண்டு சுடும் வாசனை எழுந்தபோது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "புது முறை. யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்" என்றாள் பெரியக்கா, கண்ணை இமைக்காமல். தச்சருக்கு மட்டும் தனியாகச் செய்வது நியாயமில்லை என்று வார்டு முழுவதற்குமே அப்படிச் செய்தாள். தட்டுகள் இறங்கி வந்தன. வழக்கமாகப் பாதி சூப்போடு வருகிற கிண்ணங்கள் காலியாக வந்தன. குழந்தைகள் வார்டில் எதையும் எதற்கு அடியிலும் ஒளித்து வைக்கவில்லை. அவள் வெகுநேரம் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் தட்டுகள் தன்னிடம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தனவோ, தான்தான் அதைப் பல் வலி என்றும் ஆள் வரவில்லை என்றும் அர்த்தம் பண்ணிக்கொண்டோமோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது.

தச்சரின் தட்டில் இப்போது ரொட்டி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, வெண்ணெயின் தடம் மட்டும் இருந்தது. காலைத் தட்டின் ஓரத்தில் மஞ்சள் கருக்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அன்றைய முதல் டீயைக் குடிப்பாள். மறுகோடியில் லாரிக்காரருக்கு எடை இறங்க ஆரம்பித்தது. அவர் தினமும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

சர்ஜன் முடிவு சொல்கிற நாள் வந்தது. பெரியக்காவுக்கு விடியற்காலையிலிருந்தே கை ஓடவில்லை. வாயில் எதையும் வைக்கப் பிடிக்கவில்லை. வாசலில் போய் நின்றாள். டிராலி வந்தது, ஜன்னலோரக் கட்டிலின் தட்டு வந்தது.

தட்டு காலியாக இருந்தது. ஓரத்தில் ஒன்றும் இல்லை. முன்னொரு காலத்தில் அவள் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட அதே பளபளப்பு.

"கெடுத்துட்டார்" என்றாள். "கடைசி நாள்ல கெடுத்துட்டார்!" கையில் இருந்த கரண்டியோடு படியேறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. வார்டுக்குள் நுழைந்ததும் மறுகோடியில் லாரிக்காரர் அந்தக் கரண்டியைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"சத்தியமா நான் இல்லக்கா! அவர் எனக்கு ஒரு வாய்கூடத் தரலைக்கா!" அதில் பயத்தைவிட ஆதங்கம்தான் அதிகம்.

தச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலில் புதுக் கட்டு, பழையதில் பாதிகூட இல்லை. கன்னத்தில் மறுபடியும் கன்னம் இருந்தது.

"டாக்டர் சீக்கிரமே வந்துட்டுப் போயிட்டார்" என்றார். "செக்கச்செவேல்னு சதை மேல வந்துடுச்சாம். ஓரமெல்லாம் தோல் பிடிச்சிடுச்சு. ஒட்ட வேண்டாம்னுட்டார். மடக்கிக் காட்டச் சொன்னார், காட்டினேன்."

அவள் கரண்டியைக் கட்டிலில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேறு ஏதோ வந்தது. "அப்ப மஞ்சள் கரு எங்க?"

அவர் பக்கத்து மேசையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைத் தூக்கினார். அடியில் ஒரு சாசரில், இரண்டு மஞ்சள் கருக்களும் அழகாக உட்கார்ந்திருந்தன. மேலே மிளகுத்தூள் வேறு தூவியிருந்தது.

"இன்னிக்குக் காலையில நீ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே" என்றார். "தினமும் அதைக் கீழ அனுப்பறப்ப மனசு கேக்கலை. உன் பங்கு அது. குப்பைக்குத்தானே போகும்."

பெரியக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். எத்தனையோ வருஷமாக ருசித்துத் தின்ற அது, அன்றைக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தான் சொன்னேனே" என்று தச்சர் தண்ணீர் டம்ளரை அவளிடம் நீட்டினார்.